படம் யார் கையில்?

ஒரு சினிமாப் படத்தைக் கண்டு ஆளும் வர்க்கம் நடுங்கிய கதை இது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், எம்பயர் ஜிங்க் கம்பெனியின் சுரங்கத் தொழிலாளர்கள் 1950 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தனர். பெரும்பாலோர் மெக்சிக வம்சத்தினர். வெள்ளைத் தொழிலாளிக்கு உள்ளது எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். தொழிலாளர்கள் மறியல் செய்யக் கூடாது என்று 1951இல் கோர்ட்டு தடை போட்டது. தடை தொழிலாளிக்குத்தானே, மனைவிக்கு இல்லையே! பெண்கள் மறியலுக்கு வந்தார்கள். கண்ணீர்ப் புகைக்கும் சிறைக்கும் அவர்கள் அஞ்சவில்லை. 15 மாதம் நின்று போராடினார்கள்.

இந்தப் போராட்டமே ‘சால்ட் ஆஃப் தி எர்த்’ என்ற படமாயிற்று. எடுத்தவர் ஹெர்பர்ட் பீபர்மன். விசாரணைக் கமிட்டிக்கு அடிபணிய மறுத்துச் சிறை சென்றவர். போராடிய தொழிலாளர்களே நடித்தார்கள். கதாநாயகன் வேறு யாருமல்ல, சங்கத் தலைவர் ஜுவான் சகோன்தான்!

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? படத்தை முடக்கும் வழிகளைக் கோடீஸ்வரர் ஹாவர்ட் ஹியூஸ் 1953இல் எழுதியே கொடுத்தார். கதாநாயகி ரோசௌரா ரெவுவெல்டாஸ் கைது செய்யப்பட்டு, நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். பிலிம் கழுவ லாபரட்டரிகள் மறுத்தன. 1954இல் படம் வெளிவந்தபோது, பல ஊர்களில் ஆபரேட்டர்களே ஓட்ட மறுத்தார்கள். அத்தனை பெரிய நாட்டில் படம் ஓடியது சுமார் ஒரு டஜன் தியேட்டர்களில்தான்.

ஆனால் படம் சாகவில்லை. ஏன்? பிரதிகள் மக்கள் கையில் இருந்தன. சங்கக் கூடங்களிலும் கல்லூரிகளிலும் சிறு புரொஜெக்டரில் ஓடின. பின்னர் வீடியோ காசெட்டாக, டி.வி.டி.யாக வீடுகளுக்குள் நுழைந்தன. ஒடுக்கிய அதே நாடு 1992இல் இதைப் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்தது!

பணத்தின் பூட்டு இன்னொரு வகை. கசாப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவனின் வாழ்வைச் சொல்வது சார்லஸ் பர்னெட் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’. 10,000 டாலருக்கும் குறைவான செலவில் 1970களில் எடுத்த படம். அதில் வரும் பாட்டுகளின் உரிமைக்குப் பணம் கட்ட வழியில்லாமல் முப்பது வருஷம் முடங்கிக் கிடந்தது. 2007இல் மைல்ஸ்டோன் என்ற சிறு நிறுவனம் உரிமை பெற்றுத் தியேட்டருக்கும், பிறகு டி.வி.டி.க்கும் கொண்டுவந்தது.

தகடு விற்பவனும் வியாபாரிதானே என்று கேட்கலாம். உண்மைதான்; விலையும் உழைப்பாளிக்கு எட்டாததாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆயினும் வாங்கிய தகடு நம்முடையது. பத்துப் பேர் பணம் போட்டு வாங்கினால் நூறு பேருக்குப் பயன்படும்.

இன்று நிலைமை என்ன? தபாலில் டி.வி.டி. அனுப்பி வளர்ந்த நெட்பிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அந்த வேலையை நிறுத்திவிட்டது. மாதச் சந்தா கட்டிப் பார்க்கலாம்; சந்தா நின்றால் படமும் நின்றது. இன்று பட்டியலில் இருக்கும் படத்தை நாளை கம்பெனி எடுத்துவிட்டால் கேட்க ஆளில்லை. இது குத்தகை வாழ்க்கை! குத்தகை நிலத்தில் பாடுபட்டவனுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை.

நம் சங்க அலமாரியில் புத்தகம் இருப்பதுபோல் நல்ல படங்களின் தகடுகளும் இருக்கட்டும். ஜிங்க் சுரங்கப் பெண்களின் படத்திலிருந்து தொடங்குவோம். வீட்டுப் பெண்களையும் அழைத்து வந்து காட்டுவோம். அது அவர்கள் படம்!