தொப்புள்கொடிக்குத் தொழில் அனுமதி இல்லை

ஈழத்தமிழரைக் குறிப்பிடுவதற்குத் தமிழக மேடைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் "தொப்புள்கொடி உறவுகள்" என்பதாகும். கட்சி வேறுபாடின்றி எல்லோரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களிற் பலர் மனமறிந்தே சொன்னார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த உறவுக்காரன் ஒரு நாள் பட்டச் சான்றிதழைக் கையிலெடுத்துக்கொண்டு வேலை கேட்டு வாசலில் வந்து நின்றால் அவனுக்கு என்ன பதில் என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை விடை கிடைக்கவில்லை. மேடையில் உறவினனாக இருந்தவன் அலுவலக மேசைக்கு முன்னால் வெளிநாட்டவன் ஆகிவிடுகிறான். தொப்புள்கொடிக்குத் தொழில் அனுமதிப் பத்திரம் எந்தத் திணைக்களத்தில் வழங்கப்படுகிறது என்பதை யாராவது அறிந்திருந்தால் தெரிவிக்கலாம்.

இந்தியா தன் அயல்நாட்டவர் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறதா என்று முதலிற் பார்ப்போம். நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே 1950 இல் கைச்சாத்தான சமாதான, நட்புறவு உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் வசிக்கவும் சொத்து வாங்கவும் தொழில், வணிகம் செய்யவும் இடமளிக்கிறது. அதனால்தான் சென்னையின் அடுக்குமாடிகளுக்குக் காவலிருக்கும் நேபாள இளைஞரிடம் எவரும் தொழில் விசாவைக் கேட்பதில்லை. திபெத்திய அகதிகளுக்கென 2014 இல் ஒரு மறுவாழ்வுக் கொள்கை வகுக்கப்பட்டது. அவர்கள் தகுதிக்கேற்ற தொழில்களில் ஈடுபடலாம், வணிக உரிமங்கள் பெறலாம் என்று அது சொல்கிறது. 2011 டிசம்பரில் இந்திய உள்துறை அமைச்சு வெளியிட்ட நடைமுறை விதிகள், நீண்டகால விசா பெறும் அகதிகள் தனியார் துறையில் வேலை செய்ய வழிவகுத்தன. ஆகவே, அகதிக்கு வேலை கொடுக்க இந்தியச் சட்டத்தில் வழியில்லை என்பது பொய். வழி இருக்கிறது. தலைமன்னாரிலிருந்து முப்பது கிலோமீற்றர் கடலைக் கடந்து வந்தவனுக்கு மட்டும் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது.

முறைப்படி, கடவுச்சீட்டுடன் வேலை தேடிப் போகிறவனின் நிலை என்ன? இந்தியாவின் தொழில் விசாவுக்கு ஓர் ஊதிய வரம்பு உண்டு. முன்னர் ஆண்டுக்கு 25,000 அமெரிக்க டொலர் என்றிருந்தது, பின்னர் 16.25 இலட்சம் இந்திய ரூபா என்று வகுக்கப்பட்டது. தகுதியுள்ள இந்தியர் ஏராளமாகக் கிடைக்கும் வேலைகளுக்கும், சாதாரண எழுதுவினைஞர் வேலைகளுக்கும் அந்த விசா கிடையாது. ஊதிய வரம்பிலிருந்து விலக்குப் பெறுவோரில் தத்தம் நாட்டு உணவு வகைகளைச் சமைக்கும் வெளிநாட்டுச் சமையற்காரரும் அடங்குவர். யாழ்ப்பாணத்துக் கூழ் காய்ச்சத் தெரிந்தவனுக்கு வரம்பில்லை, பொறியியல் படித்தவனுக்கு வரம்புண்டு! ஒரு நாடு தன் தொழிற்சந்தையைப் பாதுகாக்க விதி வகுப்பதை நான் குறைசொல்லவில்லை. பெருநிறுவனங்கள் அனுப்பும் மேலாளர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதியை உயிர் தப்பி ஓடிவந்தவன் மீதும் பொருத்திப் பார்ப்பதையே குறைசொல்கிறேன்.

1983 ஜூலைக்குப் பின்னர் 2012 வரையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் தமிழகத்தில் அடைக்கலம் புகுந்தனர். பலர் திரும்பினர், பலர் மேற்கே போயினர். 2021 இல் தமிழக அரசு தந்த கணக்கின்படி சுமார் 58,000 பேர் முகாம்களிலும், சுமார் 34,000 பேர் பொலிஸ் பதிவுடன் வெளியிலும் இருந்தனர். மண்டபம், கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை என்று நம்மவர் வாயில் ஊர்ப்பெயர்களாகவே ஆகிவிட்ட முகாம்கள் அவை. அங்கே பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இங்கேதான் வாசகர் ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 1987 ஜூலை முதலாந் திகதிக்கு முன்னர் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியக் குடிமகன். அதன் பின்னர் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2003 இல் வந்த திருத்தம் "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல்லைப் புகுத்தி, பதிவின் மூலமோ இயல்புரிமையின் மூலமோ குடியுரிமை கோரும் வழியையும் அடைத்தது. 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் தமக்குரிய இந்தியக் கடவுச்சீட்டைப் பெறுவதற்கே 2022 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. 1988 இல் அதே முகாமில் பிறந்தவர் எந்தப் படியேறுவது? இலங்கையை அவர் கண்ணாற் கண்டதில்லை. தான் பிறந்து வளர்ந்து படித்த ஊரிலேயே அவர் "வெளிநாட்டவராக" வேலை தேடுகிறார்.

தேடினால் என்ன கிடைக்கிறது? நேர்முகத் தேர்வு வரைக்கும் போகலாம். அதற்குப் பின்னர் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். வெளிநாட்டவர் என்றால் தொழில் விசாவைக் கேட்பார்கள். இரண்டும் இல்லையென்றால் "பிறகு அறிவிக்கிறோம்" என்பார்கள். சட்டம் படித்தாலும் கதை இதுதான். 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பதிவுக்கு இந்தியக் குடியுரிமையைப் பொதுவிதியாகக் கேட்கிறது. எனவே பட்டதாரி தூரிகையைக் கையிலெடுக்கிறார். முகாம் இளைஞரின் தொழில் என்ன என்று தமிழகத்தில் யாரைக் கேட்டாலும் "பெயின்ற் அடிக்கிறது" என்றே விடை வரும். சாரத்தின் உச்சியில் நின்று நாட்கூலிக்குச் சுவருக்கு வர்ணம் பூசுகிறவர் தவறி விழுந்தால் நட்டஈடு கேட்க முடியாது. கூலியைக் குறைத்துக் கொடுத்தால் முறையிட முடியாது. அவர் வேலை செய்தார் என்பதற்கே எங்கும் எழுத்தில்லை.

வேலை கிடைத்தாலும் முகாமின் வருகைப் பதிவு இருக்கிறது. குறித்த நாளில் அதிகாரி முன் ஆளாக நிற்க வேண்டும். தொலைவில் வேலை செய்பவர் அந்த நாளுக்காகக் கூலியை விட்டு ஓடிவர வேண்டும். இது எவ்வளவு பாரமானது என்பதை 2016 மார்ச்சில் மதுரை மாவட்டத்து உச்சப்பட்டி முகாம் காட்டியது. மருத்துவமனையில் இருந்த மகனை வருகைப் பதிவிற் சேர்க்க மறுத்த தகராற்றில் ஒரு தந்தை தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். சில நாள் செய்தியாக இருந்தது. பதிவேடு மறுபடி விரிக்கப்பட்டது.

தமிழக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்ராலின் 317 கோடி ரூபா திட்டத்தை அறிவித்தார். அகதிகள் முகாம் என்ற பெயர் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்றாயிற்று. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாகவும், ஏனைய பெரியவர்களுக்கு 750 இலிருந்து 1,000 ஆகவும் உயர்ந்தது. புதிய வீடுகளும் எழுந்தன. வரவேற்கிறோம். ஆனால் மாதம் 1,500 ரூபாவுக்கு எத்தனை நாள் உலை கொதிக்கும்? உதவிப்பணம் கொடுப்பவனிடம் கைகட்டி நிற்க வைக்கும், சம்பளம் நிமிர்ந்து நிற்க வைக்கும். பெயர்ப்பலகையை மாற்றியது போல அந்த ஒரு வரியையும் அடையாள அட்டையில் அச்சடிக்கப் புதுடில்லியின் இசைவைப் பெற்றுத்தருவதே உண்மையான மறுவாழ்வு.

புதுடில்லி என்ன சொல்கிறது? 2019 இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைப் பெயர் சொல்லிக் குறித்தது. இலங்கை அதில் இல்லை. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா சத்திரமா என்ற கருத்துப்பட உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகக் கேட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில், 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்து ஆணை வந்தது. இது நல்ல செய்தி. ஆனால் அதன் பொருள் "உன்னைச் சிறையிலடைக்க மாட்டோம்" என்பது மட்டுமே. "நீ உழைத்துச் சாப்பிடலாம்" என்பது அதில் எழுதப்படவில்லை.

மறுப்புகள் எனக்குத் தெரியும். உள்ளூர்த் தொழிலாளியின் கூலி விழுந்துவிடும் என்பார்கள். அகதி ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறான். பத்திரமில்லாதவன் எந்தக் கூலிக்கும் இணங்க வேண்டியிருப்பதால்தான் அருகில் நிற்கும் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் விழுகிறது. அவனுக்கு உரிமை கொடுத்தால் இருவரும் சேர்ந்து பேரம் பேசலாம். முகாமிலிருந்து மலிந்த கூலியும் வேண்டும், அவனை ஏற்கவும் கூடாது என்பது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. பாதுகாப்பு என்பார்கள். பெயரும் விலாசமும் பதிந்து, சம்பளப் பட்டியலிலும் சேமலாப நிதியிலும் இலக்கத்தோடு இருப்பவனைக் கண்டுபிடிப்பது எளிதா, ஒளிந்து வேலை செய்பவனைக் கண்டுபிடிப்பது எளிதா? வேலை கொடுத்தால் திரும்பிப் போக மாட்டார்கள் என்பார்கள். வெறுங்கையுடன் எவன் திரும்புவான்? பாழடைந்த வளவைத் துப்புரவாக்கிக் கூரை போடவாவது கையில் நாலு காசு வேண்டும். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பார்கள். உண்மை. ஆனால் இந்திய அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை "குடிமகன்" என்று சொல்லவில்லை, "எந்த ஆளும்" என்றே சொல்கிறது. சக்மா அகதிகள் வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றமே அதை அவர்களுக்கும் உரியதாக்கியது.

இனி நம்மைப் பார்ப்போம். ஒரே ஊரில், ஒரே ஷெல்லுக்குத் தப்பிய இரு சகோதரர்கள். ஒருவர் ரொறன்ரோவுக்குப் போனார், மற்றவர் மண்டபத்தில் இறங்கினார். முன்னவர் அகதி விண்ணப்பத்தோடு தொழில் அனுமதியும் கோரினார். உணவகத்திற் கோப்பை கழுவித் தொடங்கினாலும் அவருடைய பெயர் ஒரு சம்பளச் சீட்டில் இருந்தது. வரி கட்டினார், வீடு வாங்கினார், கோயில் கட்டினார். பின்னவரின் பிள்ளை பட்டம் பெற்றும் வர்ணம் பூசுகிறார். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறிவிலோ உழைப்பிலோ இல்லை, அந்த ஒரு பத்திரத்தில் இருக்கிறது. புலம்பெயர்ந்தோரின் வெற்றியைப் பற்றி விழா எடுக்கும் நமது சங்கங்கள் இதை நினைப்பதில்லை. தென்னிந்தியத் திரை நட்சத்திரங்களை வரவழைக்கத் தெரிந்தவர்களுக்கு, அதே தென்னிந்தியாவில் இருக்கும் தம் சகோதரனுக்குத் தொழில் அனுமதி கேட்டு ஒரு மனு எழுதத் தெரியாதா?

இலங்கையர் என்ற வகையிலும் நாம் தலைகுனிய வேண்டியது உண்டு. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரை நாடற்றவராக்கி, 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் மூலம் 525,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியவர்கள் நாம். அந்தச் சமூகத்தின் வழிவந்தவர்களும் இன்றைய முகாம்களில் ஏராளம். எட்கா உடன்படிக்கை பேசப்பட்ட 2016 இல், இந்தியர் வந்து நம் வேலைகளைப் பறித்துவிடுவார்கள் என்று கொழும்பில் வைத்தியர்களும் தொழில்வாண்மையாளர்களும் கொதித்தெழுந்தார்கள். பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் தப்பிவந்து நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த அகதிகளுக்கு இங்கே வேலை செய்யும் உரிமை இருக்கவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் அவர்கள் வீடுகளிலிருந்தும் விரட்டப்பட்டார்கள். மண்டபத்துக்காக அழும் கண், நீர்கொழும்பைக் காணாமல் மூடிக்கொண்டால் அந்தக் கண்ணீரை எவர் நம்புவார்? திரும்பி வருவோருக்கு நாம் தரும் வரவேற்பும் அப்படித்தான். 2025 மே மாதம் தமிழகத்திலிருந்து ஊர் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்திலேயே கைதுசெய்தார்கள். அந்தக் காலத்தில் உயிருக்குத் தப்பிக் கடலேறியபோது அனுமதிக்கப்பட்ட துறைமுகத்தால் அவர் வெளியேறவில்லையாம்!

2022 மார்ச்சில் பாணும் பாலும் எரிவாயுவும் கிடைக்காமல் மன்னாரிலிருந்து படகேறி அரிச்சல்முனைப் பக்கம் இறங்கியவர்களையும் மறந்துவிட வேண்டாம். போரினால் வந்தவனுக்கு அகதி என்ற பெயராவது இருந்தது. பசியால் வந்தவனுக்கு அதுவும் இல்லை. அவன் கேட்டதோ வேலை ஒன்றுதான்.

குடியுரிமை பற்றிய வழக்கு நீதிமன்றங்களில் நடக்கட்டும், நாடு திரும்புவது பற்றிய பேச்சு இரு அரசுகளுக்கும் இடையே நடக்கட்டும். இரண்டும் முடிய ஆண்டுகள் செல்லும். தொழில் அனுமதிக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. 2011 இன் நடைமுறையைப் பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்கும் முழுமையாகப் பொருத்தி, வருகைப் பதிவை வேலைக்குத் தடையில்லாதபடி மாற்றினால் போதும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, உள்துறை அமைச்சின் ஒரு சுற்றறிக்கை போதும். கொழும்பும் தன் பங்குக்கு முகாமிற் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைத் தாமதமின்றிப் பதிந்து, அவர்களின் பட்டங்களை அங்கீகரித்து, திரும்புவோரைக் கைவிலங்கின்றி வரவேற்க வேண்டும்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் அகதிக்கு அரிசி கொடுத்தோம், பாய் கொடுத்தோம், அனுதாபம் கொடுத்தோம், அண்மையில் புதுப்பெயரும் கொடுத்தோம். அவன் கேட்டதை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.