கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு வரை: பயணப்பொதியுடன் வருவோரின் பாடு

ஆயிரக்கணக்கான மைல்களை விமானத்தில் கடந்து வரும் பயணி, எஞ்சியுள்ள 30 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் கடப்பதற்கே பெரும்பாடு படவேண்டியிருப்பது நமது நாட்டில் வழமையாகிவிட்டது. கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்திலிருந்து கொழும்பிலுள்ள விடுதியொன்றைச் சென்றடைவது, கையில் சிறு பையுடன் வருபவருக்குப் பெரிய காரியமல்ல. 23 கிலோ எடையுள்ள இரண்டு பொதிகளையும், தூக்கம் கலையாத குழந்தையையும், நடக்க முடியாத பெற்றோரையும் அழைத்து வருபவருக்கு அது ஒரு சோதனையே.

இங்கு பாதை இல்லை என்பதல்ல பிரச்சினை. சீனக் கடனுதவியுடன் அமைக்கப்பட்டு 2013 ஒக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட கொழும்பு - கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுடையது. சீதுவை, ஜா-எல, வத்தளை நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழிந்த பயணத்தை அது அரை மணித்தியாலமளவுக்குக் குறைத்தது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனை முழுமையாக அனுபவிப்பவர் யார்? சொந்த வாகனம் உள்ளவரும் வாடகைக் கார் அமர்த்த வசதியுள்ளவருமே. முச்சக்கரவண்டிகளுக்கு அதிவேகப் பாதையில் அனுமதியில்லை. ஆகவே முச்சக்கரவண்டியில் ஏறுபவர் பழைய நீர்கொழும்பு வீதியின் நெரிசலையே இன்றும் நம்பியிருக்கின்றார்.

மலிவான வழி 187 ஆம் இலக்க பஸ் சேவையாகும். எனினும் பெரும்பாலான பஸ்களில் பெரிய பொதிகளை வைப்பதற்கெனத் தனியான இடமில்லை. பொதியை ஆசனத்தில் வைத்தால் அந்த ஆசனத்துக்கும் கட்டணம் கேட்கப்படுகின்றது. நடைபாதையில் வைத்தால் ஏறுவோரும் இறங்குவோரும் முணுமுணுக்கின்றனர். இவற்றையெல்லாம் சகித்துக்கொண்டு புறக்கோட்டையில் இறங்கினாலும் பயணம் முடிந்துவிடுவதில்லை. கொள்ளுப்பிட்டியிலோ, பம்பலப்பிட்டியிலோ, வெள்ளவத்தையிலோ உள்ள விடுதிக்கு மீண்டும் ஒரு வாகனம் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் மிச்சம் பிடித்த பணம் அங்கு கரைந்துவிடுகின்றது.

ரயில் பாதையின் கதை இதனிலும் வேடிக்கையானது. புத்தளம் செல்லும் ரயில் பாதை கட்டுநாயக்கவை ஊடறுத்தே செல்கின்றது. விமான நிலையத்தின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையமும் அப்பாதையில் உண்டு. ஆயினும் விமானத்தால் இறங்கும் பயணி பொதியைத் தள்ளிக்கொண்டு சென்று ஏறக்கூடிய விதத்தில் அது அமையவில்லை. மலேசியா 2002 இலேயே தனது விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் நகர மத்திக்கு 28 நிமிடங்களில் செல்லும் ரயில் சேவையை ஆரம்பித்துவிட்டது. நமது அயலிலுள்ள சென்னையின் விமான நிலையத்துக்கு 2016 இல் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது. நாமோ தண்டவாளத்தை அருகில் வைத்துக்கொண்டே வாடகை வாகனத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கின்றோம்.

இது உல்லாசப் பயணிகளின் அசௌகரியம் மாத்திரமே என எண்ணுவது தவறாகும். 2024 இல் 20 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் இலங்கைக்கு வந்தனர். அவர்கள் முதன்முதலில் சந்திக்கும் இலங்கையர் ஒரு சாரதியாகவே பெரும்பாலும் இருப்பார் என்பதால், அந்த முதற்சந்திப்பு நாட்டின் பெயரோடு தொடர்புடையதே. ஆனால் அதே வாசலால் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்த தாயும் வெளியே வருகின்றார். அவரைப் போன்றவர்கள் 2024 இல் அனுப்பிய தொகை 650 கோடி டொலருக்கும் அதிகமாகும். 2022 இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்து எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, அந்த டொலர்களின் அருமையை அனைவரும் உணர்ந்தோம். அந்தத் தாய் பிள்ளைகளுக்காக இரண்டு ஆண்டுகள் சேர்த்துக் கட்டிய பொதியுடன் நள்ளிரவில் வந்திறங்கி, சொல்லப்படும் கட்டணம் நியாயமானதா என்று அறிய வழியின்றி நிற்பது நன்றிகெட்ட செயலல்லவா?

வடக்கு, கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருவோருக்கும் இது பொருந்தும். ஊர் செல்லுமுன் ஓரிரவு கொழும்பில் தங்கவேண்டிய குடும்பங்கள் பல. போர்க்காலத்தில் இதே வீதியில் சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சியபடி விடுதியை அடைந்தவர்கள் அவர்கள். அந்த அச்சம் நீங்கியது பெரும் ஆறுதலே. எனினும் மொழி தெரியாத காரணத்தால் கூடுதல் கட்டணம் கொடுக்க நேர்வது இன்னமும் நீங்கவில்லை.

சாரதிகள் அனைவரையும் குற்றவாளிகளாக்குவதும் நியாயமன்று. மணிக்கணக்கில் ஒரு பயணத்துக்காகக் காத்திருப்பவரும், வாகனத்துக்கான மாதாந்தத் தவணையைக் கட்ட முடியாது திணறுபவரும் அவர்களுள் உளர். ஒழுங்கான கட்டண முறை பயணியைப் போலவே நேர்மையான சாரதியையும் பாதுகாக்கும்.

இதற்குக் கோடிக்கணக்கான புதிய கடன் தேவையில்லை. பொதிகளுக்கெனத் தனியிடம் கொண்ட பஸ்கள் சில, அதிவேகப் பாதையால் வந்து காலி வீதி வழியாக வெள்ளவத்தை வரை, இரவிலும் குறித்த நேரத்துக்குச் செல்ல ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு இடத்துக்குமான வாடகைக் கார் கட்டணத்தை, வெளியேறும் வாசலிலேயே மும்மொழிகளிலும் பெரிய எழுத்தில் காட்சிப்படுத்தலாம். விமான நிலையத்துக்கும் அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கும் இடையே, ரயில் நேரத்துக்கு ஏற்பச் சிறிய பஸ்ஸொன்றை ஓடவிடலாம்.

யானை வாங்கப் பணமிருந்தும் அங்குசம் வாங்கப் பணமில்லை என்ற கதையாக நமது போக்குவரத்துத் திட்டங்கள் இருந்துவிடக்கூடாது. பொதி தூக்கும் ஊழியரின் முதுகைக் கருதி, தனியொரு பொதி 32 கிலோவுக்கு மேற்படக்கூடாதென விமான சேவைகள் விதித்துள்ளன. அதே பொதியை வாசலுக்கு வெளியே தானே சுமக்கும் பயணியின் முதுகைப் பற்றியும் சம்பந்தப்பட்ட அமைச்சுக்கள் சற்றுச் சிந்திக்க வேண்டுமென்பதே நமது வேண்டுகோளாகும்.