ஆளை இறக்குகிறவர்களுக்கு

நான் துப்புரவு மேற்பார்வையாளன். பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது. அதிகாரி சொன்னார்: ‘மெசின் வர ரெண்டு நாளாவும். ஒங்காளு ஒருத்தன எறக்கிவுடு. தானா எறங்குனான்னு எழுதிக்கலாம்.’

ஒங்காளு! உள்ளே சாகிறவனும் நம்மாளு, இறக்கிவிட்டுப் பழி சுமக்கிறவனும் நம்மாளு.

பாதுகாப்பில்லாமல் இறக்கினால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். செத்தால் 30 லட்சம் கொடு என்றது உச்சநீதிமன்றம், 2023இல். ஏவுகிற வாய் மட்டும் மூடவில்லை.

‘எழுத்துல குடுங்க சார்’ என்றேன். தரவில்லை. நானும் இறக்கவில்லை. மாற்றல் வந்தது, வரட்டுமே.

இந்துச் சட்ட மசோதாவைக் கைவிட்டதும் 1951இல் மந்திரி பதவியையே உதறியவர் அம்பேத்கர். அவர் படத்தை மாட்டிக்கொண்டு, மேலிடம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் நம் அதிகாரிகளே, தலைவர்களே! ஆளை இறக்குவதென்றால், முதலில் அந்தப் படத்தை இறக்குங்கள்.