பாசிக்குக் குளிசை போடுறத நிப்பாட்டுங்க

கடல்மீன் தொட்டி வைத்திருக்கிற ஆக்களிட்ட உலகம் முழுக்க ஒரு கைவைத்தியம் இருக்கு. கல்லிலயும் மணலிலயும் சிவப்பா, ஊதாவா, வழுவழுன்னு ஒரு படை படிஞ்சா ஃபார்மசியில எரித்ரோமைசின் வாங்கி, தூளாக்கித் தண்ணிக்குள்ள கரைச்சு விடுறது. சில நாளில தொட்டி பளிச்சென்று ஆயிடும். நான் இதை வைத்தியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இது சோம்பேறித்தனம், அதுவும் ஆபத்தான சோம்பேறித்தனம்.

முதலாவது, அந்தப் படை பாசியே இல்லை. அது சயனோபக்டீரியா. சுமார் 240 கோடி வருசத்துக்கு முன்னம் பூமியின் காற்றில் ஒட்சிசன் சேரத் தொடங்கியதே இதுகளின் முன்னோர்களால்தான். பக்டீரியா என்பதால்தான் குளிசைக்குச் சாகுது. ஆனா அது எதைத் தின்று வளர்ந்தது என்று யாரும் கேக்கிறதில்ல.

நாம அள்ளிப் போட்ட தீனியைத்தான். மீன் தின்னாம விட்டதும், தின்று கழிச்சதும் அமோனியாவாகும். அதை நல்ல பக்டீரியாக்கள் நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்கும். தீனியில இருந்த பொசுபேற்றும் தொட்டிக்குள்ளேயே தங்கும். குளிசை இதுல ஒரு துளியைக்கூட வெளியே எடுக்காது. செத்த படை அழுகும்போது தின்றதையெல்லாம் தண்ணிக்கே திருப்பிக் குடுக்கும், ஒட்சிசனையும் குறைக்கும். அமோனியாவை மாத்துற நல்ல பக்டீரியாக்களும் சேர்ந்து அடிபடலாம். இதெல்லாம் நடந்த பிறகு பச்சை முடிப்பாசி வந்தா, ‘ஏன் வந்தது?’ என்று ஆச்சரியப்பட என்ன இருக்கு?

“மச்சான், மீன் செத்திடுமே, அவசரத்துக்கு வேற என்ன செய்ற?” என்று கேப்பீங்க. ஒரு ரப்பர் குழாயால அந்தப் படையை உறிஞ்சி வெளியே எடுங்க. அது லேசா உரிஞ்சு வரும். தீனியைக் குறைங்க. லைட் எரியிற நேரத்தைக் குறைங்க. தண்ணி தேங்கி நிக்கிற மூலைக்கு ஓட்டம் குடுங்க. கிழமைக்கு ஒருக்கா கொஞ்சத் தண்ணி மாத்துங்க. மெதுவான வேலைதான், ஆனா நைத்திரேற்றும் பொசுபேற்றும் உண்மையா வெளியே போறது இப்படித்தான்.

கல்லடியில இருக்கிறவங்க இன்னொன்றையும் பாக்கணும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில ஒடுங்கின மணல் திட்டு நம்ம ஊர். ஒரே வளவுக்குள்ள கிணறும் இருக்கு, மலசலகூடக் குழியும் இருக்கு. மணலுக்குள்ளால நைத்திரேற்று சுலபமாக் கசியும். ஆவியாகிற தண்ணிக்குப் பதிலா அளந்து பாக்காம கிணத்துத் தண்ணி ஊத்தினா, பாசிக்குப் பசளை ஊத்தின கதையாகவும் முடியலாம்.

குளிசை கலந்த தண்ணி கடைசியில எங்க போகுது? கானுக்கு. கானில இருந்து வாவிக்கு. குறைஞ்ச அளவு மருந்துக்குப் பழகிய கிருமி பிறகு மருந்துக்கு அடங்காது என்று 1945இல், தன் நோபல் உரையிலேயே அலெக்சாண்டர் ஃப்ளெமிங் எச்சரித்தார். நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படப்போற மருந்தை இன்றைக்குக் கல்லில படிஞ்ச படைக்குச் செலவழிக்க நமக்கு யார் உரிமை தந்தது?

இந்தக் குணம் தொட்டியோட நிக்கிறதுமில்ல. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான நம்ம வாவியிலயும் இதைத்தான் செய்றோம். கோடையில முகத்துவாரம் மணலால மூடினா அதுவும் தேங்கின தொட்டிதான். வயல் பசளையும் வீட்டுக் கழிவும் அதுக்குள்ள போய்க்கொண்டே இருக்கு. ஆற்றுவாழை பெருகினா ஒருநாள் சிரமதானம், நாலு படம், பிறகு எல்லாரும் வீட்ட போயிடுவோம். உள்ளே போறதை நிப்பாட்டுற கதையை யாரும் எடுக்கிறதில்ல. வலை வீசப் போறவருக்குத்தான் அதன் கஷ்டம்.

கடல்மீன் வளர்க்காதீங்க என்று நான் சொல்லேல்ல. ஆனா கடையில விக்கிற கடல் அலங்கார மீன்களில அதிகமானது பண்ணையில பெருகினது இல்ல, கடலுக்குள்ள பிடிச்சது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கொண்டுவந்தவர் அதுக்கு நல்ல தண்ணி குடுக்கக் கடமைப்பட்டவர். முடியாட்டி இன்னொரு மீன் வாங்காதீங்க. முடியுமெண்டா, இன்றைக்குப் போடுற தீனியைப் பாதியாக்குறதில இருந்து தொடங்குங்க.