தூண்களில் எழுதிய வரலாறு

அமெரிக்காவின் தென்மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய சான் தியேகோ நகரில், ஒரு பெரும்பாலத்தின் அடியில் ஏறத்தாழ 7 ஏக்கர் பரப்பில் ஒரு பூங்கா உள்ளது. சிக்கானோ பூங்கா என்பது அதன் பெயர். அஃது எந்த வள்ளலும் கொடுத்ததன்று. மக்கள் தம் கைகளால் மீட்டுக்கொண்டது.

கலிபோர்னிய மண் 1848 வரை மெக்சிகோவினது. போரில் அதனைக் கைக்கொண்ட அமெரிக்கா, அங்கு வாழ்ந்தோரை அவர்தம் மண்ணிலேயே அயலாராக்கிற்று. பின்னர் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியோரும் அதே இழிவுக்கு ஆளாயினர். பள்ளியில் தம் இசுபானிய மொழியைப் பேசிய சிறார் ஒறுக்கப்பட்டனர். ‘சிக்கானோ’ என்பதே ஒரு காலத்தில் இழிசொல்லாக வழங்கியதுதான். 1960களில் இளைஞர்கள் அதனையே தம் இனப்பெயராக நெஞ்சு நிமிர்த்திச் சூட்டிக்கொண்டனர்.

அம்மக்கள் செறிந்து வாழ்ந்த இடம் லோகன். அவர்தம் வீடுகளுக்கு நடுவே பழைய இரும்புக் கிடங்குகளை நுழையவிட்டது நகராட்சி. 1963-இல் நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்தது. எஞ்சிய நிலத்தில் கொரோனாடோ பாலத்தின் தூண்கள் ஊன்றப்பட்டன; 1969-இல் பாலம் திறக்கப்பட்டது. வீடிழந்தோரோ ஆயிரக்கணக்கினர். இத்தனைக்கும் ஈடாக அவர்கள் கேட்டது பாலத்தடியில் ஒரு பூங்கா. தருவதாகச் சொன்னார்கள். 1970 ஏப்பிரல் 22 அன்று மண்தள்ளும் பொறிகள் வந்தன. பூங்கா அமைக்கவா? இல்லை, நெடுஞ்சாலைக் காவலர்க்கு நிலையம் கட்ட!

அதனைக் கேட்டறிந்த மாணவர் ஒருவர் ஊரெங்கும் செய்தி பரப்பினார். மாணவரும் தாய்மாரும் சிறாரும் கைகோத்துப் பொறிகளைச் சூழ்ந்தனர். 12 நாள் அவ்விடத்தை விட்டு அகலாமல், இறுகிக் கிடந்த மண்ணைக் கிளறிக் கள்ளியும் பூச்செடியும் நட்டனர். வேண்டுகோள் எழுதிக் காத்திருந்தால் இன்று அங்குக் காவல் நிலையமே நின்றிருக்கும். அரசு பணிந்தது.

ஊரைச் சிதைத்த தூண்களையே ஊரின் வரலாற்று ஏடாக்கலாம் என்று கண்டவர், லோகனில் வளர்ந்த ஓவியர் சால்வதோர் தோரெசு. 1973 முதல் அத்தூண்களில் அசுடெக்கு முன்னோரும், உழவர் புரட்சித் தலைவர் சபாட்டாவும், தோட்டத் தொழிலாளர் போராட்டமும் வண்ணங்களில் எழுந்தன. இரும்புக் கிடங்குகள் வேண்டா என்னும் முழக்கமும் ஓவியமாயிற்று. பாடநூல்கள் சொல்லாமல் விட்டதைச் சிறார் அங்குப் படிக்கின்றனர்.

2016-இல் அமெரிக்க நடுவணரசு அதனை நாட்டு வரலாற்று நினைவிடமாக ஏற்றது. பெருமைதான். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், பாலத்திலிருந்து தடம் மாறிய வண்டியொன்று பூங்காவில் கூடியிருந்தோர்மீது விழுந்து 4 பேரின் உயிரைக் குடித்தது. மண்ணை மீட்டவர்களின் தலைக்கு மேல் அந்தப் பாலம் இன்னும் நிற்கிறது.