பின்னால் நாலு டயர் போட்டால் வண்டி பெரிதாகிவிடுமா?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கும் பிக்கப் வண்டிக்காரப் பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, பின்னாடி ஒத்தை டயரை எடுத்துட்டு டபுள் டயர் மாட்டிரலாமா?" போக்குவரத்துக் கழகப் பணிமனையில் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். வெறுமனே வேண்டாம் என்றால் இந்தக் காலத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம். இரட்டை டயரில் நன்மை இல்லாமல் இல்லை. உயரமாகக் கூடை அடுக்கினால் வண்டி அவ்வளவாக ஆடாது. ஓடும்போது ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும். வண்டி சட்டென்று சாயாது. நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த டாடா 407, 1986-ல் வந்ததிலிருந்தே பின்னால் நாலு டயரோடுதான் ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் இவர்களுக்கும் ஆசை.

டயர்க் கணக்கும் ஆசை காட்டும். 195/75 ஆர் 16 அளவு டயர் ஒன்றின் பக்கவாட்டில் 107/105 என்று போட்டிருக்கும். ஒற்றையாக மாட்டினால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும், இரட்டையாக மாட்டினால் ஒவ்வொன்றும் 925 கிலோ தாங்கும் என்று அதற்கு அர்த்தம். அதாவது பின்னால் இரண்டு டயர் என்றால் 1,950 கிலோ. நாலு டயர் என்றால் 3,700 கிலோ. பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஆனால் கூடியது டயரின் பலம் மட்டும். ஆக்ஸில் பழையது, பட்டை பழையது, சேஸிஸ் பழையது, ஹப் பேரிங் பழையது. எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக் பழையது. 407-ல் இவையெல்லாம் அந்த எடைக்கென்றே செய்தவை. லேத் பட்டறையில் ஒரு அடாப்டர் கடைந்து, நீள போல்ட் போட்டு வெளியே இன்னொரு சக்கரத்தை மாட்டினால் என்ன ஆகும்? சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும் இடத்தில் சில நேரம் ஒரு டயர்தான் முழு பாரத்தையும் வாங்கும். அது வெளி டயராக இருந்தால், கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்புவதுபோல பேரிங்கையும் ஆக்ஸிலையும் நெம்பும். உள் டயரில் காற்று குறைந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கினால் இரண்டு டயரும் போகும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அதிக பாரம் ஏற்றினால் ஒற்றை டயர் நசுங்கும், சூடாகும், சில நேரம் வெடிக்கும். அதுதான் வண்டி நமக்குக் கொடுக்கும் முதல் எச்சரிக்கை. டபுள் டயர் போட்டு அந்த வாயை அடைத்துவிட்டால், அடுத்து பேசப்போவது பிரேக். பாச்சலூர் மலைப்பாதையில் சௌசௌ மூட்டையோடு இறங்கும்போது டிரம் சூடேறி, பெடலை மிதித்தும் வண்டி நிற்காவிட்டால், பின்னால் எத்தனை டயர் இருந்து என்ன பயன்? பின்பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்காது.

மயிலிறகே என்றாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். சக்கரம் உடையும் என்று சொல்லவில்லை பாருங்கள்!

சட்டமும் இதையேதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. டயர் எத்தனை, என்ன அளவு என்பதும் சரக்கு வண்டியின் பதிவு விவரத்தில் சேர்ந்ததுதான். டயரைக் கூட்டினாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூடக் கூடாது. சொல்லப்போனால், கூடுதலாக மாட்டிய இரண்டு டயர், இரண்டு டிஸ்க்கின் எடை நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கில் கழியும். பாரம் மீறினால் 2019 திருத்தத்துக்குப் பின் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டன்னுக்கு 2,000 ரூபாய். விபத்து நடந்தால், வண்டியை மாற்றியிருக்கிறீர்கள் என்று இன்ஷூரன்ஸ்காரரும் கையை விரிக்கப் பார்ப்பார்.

தவணை கட்ட வேண்டும், டீசல் விலை ஏறுகிறது, வாடகை ஏறவில்லை. பிள்ளைகளின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு நடையில் இரண்டு நடை லாபம் பார்ப்பதற்கு டயர் வழி அல்ல. வண்டிக்குச் சொன்ன பிளை ரேட்டிங் உள்ள நல்ல டயர் போடுங்கள். வாரம் ஒருமுறை காற்று பாருங்கள், பிரேக் லைனிங்கைக் கவனியுங்கள். நிரந்தரமாகவே அதிக லோடு கிடைக்கிறது என்றால், கம்பெனியே நாலு டயரோடு செய்த வண்டியைப் பழையதாகவாவது வாங்குங்கள்.

இதை வாசிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மகனோ பேரனோ டபுள் டயர் போடப் பணம் கேட்டால், முதலில் ஆர்.சி.யை எடுத்துவரச் சொல்லுங்கள். மொத்த எடை எவ்வளவு என்று போட்டிருப்பதை உங்கள் எதிரில் வாசிக்கச் சொல்லுங்கள். நேற்று எவ்வளவு ஏற்றினான் என்று அப்புறம் கேளுங்கள். பணம் கொடுப்பதா வேண்டாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.