உறுமல் வேறு, நாதம் வேறு!

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்றால் கார் பிரியர்களுக்கெல்லாம் தெரியும். காருக்கு வேண்டிய அலங்காரச் சாமான்கள் அத்தனையும் அங்கே கிடைக்கும். அது போன்ற கடைகளுக்கு சப்வூபர் வாங்கப் போகும் இளைஞர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" என்பது. அடுத்த கேள்வி, "இதைவிடப் பெரிசு இருக்கிறதா?" என்பது. "இதற்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும்?" என்று கேட்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விளைவு என்ன? பல மாதச் சேமிப்பு டிக்கிக்குள் போய் உட்கார்ந்து கொள்கிறது. கார் அதிர்கிறது, நம்பர் பலகை தாளம் போடுகிறது, பின் கண்ணாடி நடுங்குகிறது. பாட்டை மட்டும் காணோம்! எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "தொம் தொம்". வாங்கியவர் முகத்தைச் சுளித்தால், "இன்னும் பெரிய ஆம்ப்ளிபயர் போட்டால் சரியாகிவிடும்" என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. சரியாகாது. உறுமல் இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

குறை வாட்ஸில் இல்லை. அடித்தவுடன் பிறந்து, அடங்க வேண்டிய கணத்தில் அடங்குகிற ஒலிதான் நாதம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இழுத்துக் கொண்டே போவது உறுமல். காரில் நல்ல "பேஸ்" கேட்க வேண்டுமானால், ஒலியை எழுப்புவதைவிட அதை நிறுத்துவதற்குத்தான் அதிகச் சிரத்தை எடுத்துக் கொள்ள வேண்டும்.

தொப்பி சொல்லும் பாடம்

மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன்னால் என்ன செய்கிறார்? இடப் பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார். அந்தக் கனத்தினால்தான் அந்தப் பக்கம் தணிந்த ஒலி கிடைக்கிறது. ஆனால் அவர் கை போன போக்கில் அப்புவதில்லை. கொஞ்சம் வைக்கிறார்; தட்டிப் பார்க்கிறார்; கொஞ்சம் வழித்து எடுக்கிறார். தட்டியதும் ஒலி திரண்டு எழ வேண்டும். உள்ளங்கை பட்டதும் அடங்க வேண்டும். ரவையைக் கூடுதலாக அப்பினால் நாதம் கூடுமா? மந்தமாகிப் போகும்.

காரிலும் இதே கதைதான். மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப் புத்தகக் கணக்கு. இதில் சப்வூபருக்கு உரிய பங்கு, அடிமட்டத்தில் உள்ள 20 முதல் 80 வரைதான். பேஸ் கிதாரின் மிகத் தணிந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த ஒலியின் ஒரே ஓர் அலைக்கு நீளம் 8 மீட்டருக்கு மேல்! சாதாரணக் காரின் உட்புறமோ 3 மீட்டர்கூட இருக்காது. இத்தனை நீண்ட அலை ஓடுவதற்கு அங்கே இடம் ஏது? உள்ளே இருக்கும் காற்றை அது மொத்தமாக அமுக்கி விடுகிறது. ஆகையால் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக, கார் தானாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. வீட்டுக் கூடத்தில் இந்த அளவுக்குக் கிடைக்காத சலுகை இது. சலுகையைத் தெரிந்து கொள்ளாமல் மேலும் மேலும் கொட்டினால் வழியத்தானே செய்யும்?

சூட்சுமம் பெட்டியில்

நல்ல தணிந்த ஒலி வேண்டுமானால் பீரோவைப் போன்ற பெரிய பெட்டி வேண்டும் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 1954-ம் வருஷம் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் அந்த எண்ணத்தை மாற்றினார். சிறிய பெட்டி ஒன்றைக் காற்றுப் புகாதபடி அடைத்தார். உள்ளே அகப்பட்ட காற்று ஸ்பிரிங் போல வேலை செய்தது. முன்னே ஓடிய ஸ்பீக்கர் கூம்பைக் கட்டுப்படுத்தி இழுத்து வந்தது. ஹென்றி க்ளாஸ் என்பவரும் அவரும் சேர்ந்து தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியின் "ஏ.ஆர்.-1" ஸ்பீக்கர் இப்படிப் பிறந்ததுதான்.

அந்த மூடிய பெட்டிதான் இன்றைக்கும் பெரும்பாலான கார்க்காரர்களுக்கு ஏற்றது. காரணம் எளிது. மூடிய பெட்டியின் ஒலி, கீழ் ஸ்தாயியில் மெல்ல மெல்லக் குறைகிறது. கார் அதே இடத்தில் மெல்ல மெல்லக் கூட்டுகிறது. இறக்கத்துக்கு ஏற்றம் ஈடாகி விடுகிறது.

துளை வைத்த பெட்டிகளை அடியோடு குறை சொல்வதற்கில்லை. 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவரும், 1970-க்குப் பிறகு ரிச்சர்ட் ஸ்மாலும் அவற்றுக்குத் தெளிவான கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குப்படி செய்த துளைப் பெட்டி, குறைந்த வாட்ஸில் அதிக ஒலி தரும். ஆனால் கணக்கே பாராமல், டிக்கியில் எது நுழையுமோ அதை வாங்கிப் போட்டால், துளை எந்தச் சுரத்துக்கு அமைந்ததோ அந்த ஒரு சுரத்தையே பெட்டி பிடித்துக் கொள்ளும். "தொம் தொம்" பிறப்பது அங்கேதான்.

சப்வூபருடன் வரும் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். 10 அங்குல சப்வூபர்கள் பலவற்றுக்கு மூடிய பெட்டி 15 முதல் 30 லிட்டருக்குள் இருந்தால் போதும். 18 மில்லிமீட்டர் பலகை, இடைவெளி இல்லாமல் ஒட்டிய மூட்டுகள், காற்றுக் கசியாத ஒயர் துவாரம், இவை முக்கியம். ஒரு சிறு கசிவு இருந்தாலும் காற்று ஸ்பிரிங்குக்குப் பலம் இல்லை.

கதவைக் கவனித்தீர்களா?

டிரம்மில் அடி விழும்போது "டப்" என்று ஒரு கூர்மை கேட்கிறதே, அது சப்வூபரிலிருந்து வருவதில்லை. அது கதவு ஸ்பீக்கரின் வேலை. கதவு ஸ்பீக்கர் மோசமாக இருந்தால், டிக்கியில் என்ன வைத்தாலும் அடியின் முனை மழுங்கியே கேட்கும். கதவுத் தகட்டில் உள்ள ஓட்டைகளை மூடி, அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட்டை ஒட்டினால் போதும். பழைய ஸ்பீக்கரே புதுக் குரலில் பேசும்.

பிறகு எல்லை வகுக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூபருக்கு, மேலே கதவுகளுக்கு என்று கிராஸ்ஓவரைத் திருப்பி வையுங்கள். "பேஸ் பூஸ்ட்" என்ற திருகு இருந்தால் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஆம்ப்ளிபயரில் 0, 180 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கொண்டு, இரண்டு நிலையிலும் ஒரே பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எந்த நிலையில் அடி நிறைவாகவும், முன்னாலிருந்து வருவது போலவும் கேட்கிறதோ அதுவே சரி. இதற்குக் காலணாச் செலவில்லை. நம்பர் பலகைக்குப் பின்னால் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்தால் அதன் தாளமும் நின்றுவிடும்.

வாட்ஸ் மயக்கம்

"அதிர்ந்தால்தானே சுகம்!" என்று சிலர் வாதிக்கலாம். அவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 500 வாட்ஸை 1,000 வாட்ஸ் ஆக்கினால் ஒலி கூடுவது வெறும் 3 டெசிபெல். செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. காதில் தெரியும் வித்தியாசமோ சொற்பம்.

காதின் ஆரோக்கியத்தைப் பொறுத்த வரையில் அந்த 3 டெசிபெல் சொற்பம் அல்ல. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை பாட்டுக் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. 89-க்கு 5 மணிதான். ஸ்பீக்கர் கெட்டால் கடையில் மாற்றிக் கொள்ளலாம். காதுக்கு அப்படி ஒரு கடை இல்லை.

ஆம்ப்ளிபயரின் "கெயின்" திருகை வால்யூம் திருகு என்று எண்ணி முழுக்கத் திருப்புவது இன்னொரு தவறு. அதன் சக்திக்கு மேல் கேட்டால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். நாதம் கெடும், ஸ்பீக்கரின் சுருளும் சூடேறிக் கருகும். மெல்லிய மலிவு ஒயரைப் போட்டு, பாட்டரியை ஒட்டிப் பியூஸ் வைக்காமல் விட்டால், கருகப் போவது சுருள் மட்டுமல்ல, காரே தீப்பிடிக்கக்கூடும்.

தெருவிலுள்ளவர்களையும் மறக்கலாகாது. தணிந்த ஒலிக்குச் சுவர் பெரிய தடை அல்ல. பாட்டும் ராகமும் காருக்குள்ளேயே தங்கி விடுகின்றன. இடி மட்டும் அடுத்த வீட்டுத் தொட்டில் வரை போகிறது. 2000-ம் வருஷத்து மத்திய அரசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபெல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆம்புலன்ஸின் சங்கொலி காதில் விழாத அளவுக்கு ஒருவர் பாட்டுக் கேட்டால், அதற்கு ரசனை என்று பெயர் சொல்ல முடியுமா?

ஆகவே சேமித்த பணத்தைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்கள் வரிசையை மாற்றிப் போட்டுக் கொள்வது நல்லது. முதலில் கதவு, இரண்டாவது பெட்டி, மூன்றாவது நல்ல செம்பு ஒயரும் பியூஸும், வாட்ஸ் கடைசியில். இப்படிச் செய்தால் அளவான ஒரு 10 அங்குல சப்வூபரே போதும். அடி அடியாகக் கேட்கும். பாட்டு பாட்டாகக் கேட்கும். பையிலும் நாலு காசு மிஞ்சும்.

குறைகுடம் கூத்தாடும் என்றார்கள் பெரியவர்கள். குறைப் பெட்டியும் கூத்தாடத்தான் செய்யும். நிற்கத் தெரிந்த ஒலிதான் நெஞ்சில் நிற்கும்.